எத்தனை டம்பர் வேண்டும்? திறந்தவெளிச் சுரங்கத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

காலை பத்து மணி. அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கம். எக்ஸ்கவேட்டர் முன்னால் மூன்று டம்பர்கள் (கல் ஏற்றும் பெரிய லாரிகள்) இன்ஜினை அணைக்காமல் வரிசையில் நிற்கின்றன. அதே நேரத்தில் மேலே கல்லை உடைக்கும் கிரஷரின் ஆபரேட்டர் வாக்கிடாக்கியில் கத்துகிறார்: "லோடு வரல சார், பெல்ட் காலியா ஓடுது." அரை மணி கழித்துப் பார்த்தால் எல்லாம் தலைகீழ். கிரஷரின் ஹாப்பர் (லோடைக் கொட்டும் தொட்டி) முன்னால் மூன்று வண்டிகள், கீழே எக்ஸ்கவேட்டர் பக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டுச் சும்மா நிற்கிறது. மாலையில் டன் கணக்கு குறைகிறது. உடனே எல்லோர் வாயிலும் வருவது ஒரே வார்த்தைதான்: "இன்னொரு டம்பர் போடுங்க."

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நானும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். வாடகைக்கு ஒரு டம்பர் வந்தது. வரிசையில் மூன்றுக்குப் பதில் நான்கு வண்டிகள் நின்றன, டன் கணக்கு அசையவே இல்லை. வண்டி போதவில்லை என்று நான் நினைத்த இடத்தில் உண்மையில் போதாமல் இருந்தது நேரக் கணக்கு. அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். சுண்ணாம்புக்கல், இரும்புத்தாது, நிலக்கரி, எதுவானாலும் வழி இதேதான். எண்கள் மட்டும் மாறும். கீழே வரும் எண்கள் நான் விளக்கத்துக்காக அமைத்தவை. உங்கள் சுரங்கத்தின் எண்களை நீங்கள்தான் அளக்க வேண்டும்.

தேவையை மணிக்கணக்குக்குக் கொண்டு வாருங்கள்

ஆண்டு இலக்கு 25 லட்சம் டன், ஆண்டுக்கு 300 வேலை நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 8,333 டன். இரண்டு ஷிஃப்ட் என்றால் ஷிஃப்டுக்குச் சுமார் 4,170 டன்.

8 மணி நேர ஷிஃப்டில் வண்டி 8 மணி நேரமும் ஓடாது. ஷிஃப்ட் மாறுவது, சாப்பாடு, வண்டியைச் சோதிப்பது, வெடி வைக்கும்போது எல்லோரும் ஒதுங்குவது எல்லாம் போக ஆறரை மணி நேரம் மிஞ்சினால் நல்லது. 4,170-ஐ 6.5-ஆல் வகுத்தால் மணிக்கு 641 டன். 650 என்று எடுத்துக்கொள்வோம்.

அந்த ஆறரை மணி நேரத்துக்குள்ளும் சின்னச் சின்ன நிறுத்தங்கள் உண்டு. பெரிய கல் ஒன்று பக்கெட்டுக்கு அடங்காது, டோசர் வந்து கல் எடுக்கும் முகப்பான ஃபேஸைச் சுத்தம் செய்யும், டிரைவர் இறங்கி டயரைப் பார்ப்பார். இதற்காக ஒரு மணி நேரத்தை 50 நிமிடமாக, அதாவது 3,000 விநாடியாக எடுப்பது பழைய வழக்கம். நல்ல வழக்கம், விட வேண்டாம்.

பாதையைத் துண்டுகளாகப் பிரியுங்கள்

"கிரஷர் ரெண்டு கிலோமீட்டர்" என்று சொல்வது பேச்சுக்குச் சரி, திட்டத்துக்கு உதவாது. ஒரே 2 கிலோமீட்டர் சமதளமாக இருப்பதற்கும் அதில் பாதி ஏற்றமாக இருப்பதற்கும் நடுவே சில நிமிடங்கள் வித்தியாசம் வரும். சர்வேயரிடம் வரைபடத்தை வாங்கி, சரிவு மாறும் ஒவ்வொரு இடத்திலும், வளைவிலும், சந்திப்பிலும் ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் நீளம், சரிவு, தரையின் நிலை ஆகிய மூன்றும் வேண்டும்.

நம் உதாரணச் சுரங்கத்தில் மூன்று துண்டுகள்: ஃபேஸிலிருந்து ராம்ப் (ஏற்றப் பாதை) அடிவரை 300 மீட்டர் சமதளம், 40 மீட்டர் உயரம் ஏறும் ராம்ப் 640 மீட்டர், மேலே கிரஷர் வரை 900 மீட்டர் சமதளம்.

மூன்று நாள், ஒரு ஸ்டாப்வாட்ச்

இந்த வேலையை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள், நீங்களாகவே செய்யுங்கள். ஜிபிஎஸ் வைத்த சுரங்கமாக இருந்தாலும் செய்யுங்கள். வண்டி நின்றது என்று ஜிபிஎஸ் சொல்லும், ஏன் நின்றது என்று சொல்லாது.

ஒரு சுற்றில் ஐந்து நேரங்களைத் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். எக்ஸ்கவேட்டருக்கு அருகே வந்து திரும்பிப் பின்னால் வந்து நிற்கும் நேரம், லோடு ஏறும் நேரம், லோடோடு போகும் நேரம், கிரஷரில் திரும்பிக் கொட்டும் நேரம், காலியாக வரும் நேரம். இவற்றோடு சேர்க்காமல் ஆறாவதாகக் காத்திருந்த நேரம். பலர் லோடு நேரத்தோடு காத்திருப்பையும் சேர்த்து எழுதிவிடுவார்கள். அப்படிச் செய்தால் நோயை மறைத்துவிட்டு மருந்து தேடுவது போல ஆகிவிடும்.

குறைந்தது முப்பது நாற்பது சுற்றுகள் வேண்டும். பகல், இரவு இரண்டிலும் எடுங்கள். முடிந்தால் டிரைவர் அனுமதியோடு கேபினில் உட்கார்ந்து நாலு டிரிப் போய் வாருங்கள். போகும் முன், இது அவர் வேலையைச் சோதிப்பதற்கல்ல, பாதையைச் சோதிப்பதற்கு என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அன்று மட்டும் வண்டி வேறு வேகத்தில் போகும், உங்கள் கணக்கும் கெடும்.

ஒருமுறை அப்படிப் போனபோது, ராம்ப் அடிவளைவுக்கு முன்னால் டிரைவர் அண்ணன் ஒவ்வொரு டிரிப்பிலும் வேகத்தைக் குறைத்தார். ஏன் என்று கேட்டேன். "அந்த வளைவுல கல்லு கெடக்கும் சார், டயர் போயிடும்" என்றார். இறங்கிப் பார்த்தேன். கைப்பந்து அளவுக் கற்கள் ஏழெட்டுக் கிடந்தன. வளைவில் ரோடு வெளிப்பக்கம் சாய்ந்திருந்ததால், குவித்து ஏற்றிய லோடிலிருந்து ஒவ்வொரு வண்டியும் ஒன்றிரண்டு கல்லை அங்கே உதிர்த்துக்கொண்டிருந்தது. அதனால் எல்லா வண்டிகளும் வேகத்தை இழந்து, ராம்பின் அடியிலிருந்தே கீழ் கியரில் முக்கிக்கொண்டு ஏறின. ரோட்டைச் சமன் செய்யும் கிரேடர் வந்து அரை நாளில் வளைவின் சாய்வை உள்பக்கமாக மாற்றியது. எந்த மென்பொருளும் அந்தக் கல்லை எனக்குக் காட்டியிருக்காது.

ஏற்றத்தில் வண்டியின் வேகம் எங்கிருந்து வருகிறது

இந்த ஒரு கணக்கு கைவந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

லோடு வண்டியை இரண்டு விஷயங்கள் பின்னால் இழுக்கின்றன. ஒன்று ஏற்றம். மற்றது தரை டயரைப் பிடித்து இழுக்கும் உருளல் தடை. இரண்டையும் சதவீதமாகச் சொல்லிக் கூட்டிவிடலாம். 1:16 ஏற்றம் (16 மீட்டர் போனால் 1 மீட்டர் உயர்வு) என்றால் 6.25 சதவீதம். கெட்டியான, நன்றாகப் பராமரித்த ரோட்டில் உருளல் தடை சுமார் 2 சதவீதம். டயர் தரையில் புதையும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் இன்னும் 0.6 சதவீதம் கூடும். 5 சென்டிமீட்டர் புதைந்தால் 2 சதவீதம் 5 ஆகிவிடும். அந்தக் கூடுதல் 3 சதவீதம், ரோடு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஏற்றத்தை நீங்களே கட்டி வைத்தது போல.

வேகக் கணக்கு இது: 36.7-ஐச் சக்கரத்துக்குக் கிடைக்கும் கிலோவாட்டால் பெருக்கி, வண்டியின் மொத்த எடை (டன்) பெருக்கல் மொத்தத் தடை (சதவீதம்) என்பதால் வகுத்தால், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும்.

55 டன் ஏற்றும் டம்பரை எடுத்துக்கொள்வோம். லோடோடு மொத்த எடை ஏறக்குறைய 100 டன். இன்ஜின் 550 கிலோவாட், அதில் சக்கரம்வரை வந்து சேர்வது 80 சதவீதம், அதாவது 440 கிலோவாட். ராம்பில் உருளல் தடை 3 சதவீதம் என்றால் மொத்தம் 9.25. வேகம் மணிக்கு 17.5 கிலோமீட்டர். 640 மீட்டரை 132 விநாடியில் ஏறும். அதே ராம்ப் பள்ளம் விழுந்து தடை 5 சதவீதமானால் மொத்தம் 11.25, வேகம் 14.4 கிலோமீட்டர், நேரம் 160 விநாடி. டிரிப்புக்கு 28 விநாடி போய்விட்டது, டீசலும் கூட. இதனால்தான் சொல்கிறேன், புது டம்பர் கேட்கும் முன் கிரேடர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது, தண்ணீர் லாரி எத்தனை டிரிப் அடிக்கிறது என்று கேளுங்கள். வண்டி தயாரிப்பாளர் தரும் வேக வரைபடம் கையில் இருந்தால் இந்தக் கணக்கைவிட அதையே நம்புங்கள். கியர் மாறும் இடங்கள் அதில்தான் தெரியும். இறக்கத்தில் வேகத்தை இன்ஜின் தீர்மானிக்காது, பிரேக்கின் திறன்தான் தீர்மானிக்கும். அதற்கு ரிடார்டர் (இறக்கத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிரேக்) வரைபடம் தனியாக இருக்கும்.

ராம்பை எந்தப் பக்கம் திருப்புவது

இந்தியாவில் சுரங்கப் பாதுகாப்பு விதிகளின்படி வண்டிப் பாதை பொதுவாக 1:16-ஐவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது, சிறு தூர ராம்ப்களுக்கு 1:10 வரை அனுமதி உண்டு. ஆஸ்திரேலியா, சிலி போன்ற நாடுகளின் பெரிய சுரங்கங்களில் 10 சதவீத ராம்ப் சாதாரணம். அதனால் புதிதாக வருபவர்களுக்கு ஓர் ஆசை வரும்: "1:10 போட்டா 640 மீட்டர் 400 ஆயிடுமே, அனுமதி வாங்கிடலாமா?"

கணக்குப் பார்ப்போம். 10 சதவீத ஏற்றமும் 3 சதவீத உருளல் தடையும் சேர்ந்து 13. வேகம் 12.4 கிலோமீட்டர். 400 மீட்டர் ஏற 116 விநாடி. 240 மீட்டர் மிச்சமாகியும் நேரத்தில் மிச்சம் 16 விநாடிதான். இதிலும் ஒன்று கவனிக்க வேண்டும். நீளமான ராம்ப் கிரஷர் இருக்கும் திசையிலேயே ஏறுகிறது என்றால், அந்த 240 மீட்டர் வீண் தூரமே இல்லை. குறுகிய ராம்பில் ஏறிய வண்டி மேலே அதே 240 மீட்டரைச் சமதளத்தில் ஓடித்தான் ஆக வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டரில் அதற்கு 29 விநாடி. மொத்தம் 145. 1:16 ராம்பு 132-ல் முடித்துவிட்டது. செங்குத்து ராம்பு தோற்றுப்போகிறது.

ஆக முதல் கேள்வி ராம்பு எவ்வளவு செங்குத்து என்பது அல்ல, அது எந்தத் திசை பார்த்து ஏறுகிறது என்பதே. சுரங்கத்தின் கடைசி எல்லையை வரையும்போதே கிரஷரும் மேல்மண் கொட்டும் இடமும் எங்கே என்று பார்த்து ராம்பை வையுங்கள். பின்னால் மாற்றுவது பெரிய செலவு. ஹேர்பின் வளைவு போட்டால் இடம் மிச்சமாகும், ஆனால் ஒவ்வொரு வளைவிலும் வண்டி தவழும், டயர் தேயும். வேறு வழியே இல்லாதபோதுதான் அது.

அகலத்தைப் பற்றி. இருவழிப் பாதைக்குப் பெரிய வண்டியின் அகலத்தைப் போல மூன்றரை மடங்கு என்பது உலகெங்கும் புழங்கும் அளவு. 5 மீட்டர் அகல வண்டிக்கு 17.5 மீட்டர், அதற்கு மேல் ஓரக் கரையும் வாய்க்காலும். கரை உயரம் டயர் உயரத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. உங்கள் சுரங்கத்துக்கான அனுமதிக் கடிதத்தில் எழுதியிருக்கும் அளவுதான் கடைசி வார்த்தை, அதை ஒரு பிரதி எடுத்து மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். அகலத்தில் கஞ்சத்தனம் பார்த்த ராம்பில் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்காக ஒதுங்கி நிற்கும். அந்த நிற்பு ஒவ்வொரு டிரிப்பிலும் உங்கள் கணக்கில் ஏறும். அதைவிடப் பெரிது, அங்கே ஓர் உயிர் போகலாம்.

லோடு

6.5 கன மீட்டர் பக்கெட். உடைந்த சுண்ணாம்புக்கல் கன மீட்டருக்கு ஏறக்குறைய 1.55 டன். பக்கெட் 90 சதவீதம் நிரம்புகிறது. ஒரு பக்கெட்டுக்கு 9 டன், ஆறு பக்கெட்டில் 54 டன். பக்கெட்டுக்கு 30 விநாடி, லோடு ஏற 3 நிமிடம். வண்டி பின்னால் வந்து நிற்க 40 விநாடி. ஆக ஒரு வண்டிக்கு எக்ஸ்கவேட்டர் செலவிடுவது 220 விநாடி.

நாலிலிருந்து ஆறு பக்கெட்டில் வண்டி நிரம்பினால் ஜோடி பொருத்தம். எட்டு, ஒன்பது என்று போனால் எக்ஸ்கவேட்டர் சின்னது. "ஏழாவது பக்கெட்டும் போடு, டிரிப் மிச்சம்" என்று சில ஃபோர்மேன்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். பத்தில் ஒரு லோடுக்கு மேல் குறித்த எடையை 10 சதவீதம் தாண்டக் கூடாது, எந்த லோடும் 20 சதவீதம் தாண்டவே கூடாது என்பது டம்பர் தயாரிப்பாளர்களே வைத்திருக்கும் வரம்பு. டயரும் பிரேக்கும் சட்டமும் அதற்கு மேல் தாங்காது.

டயருக்கு இன்னொரு வரம்பும் உண்டு. ஒரு டயர் சராசரியாகத் தாங்கும் எடையையும் ஷிஃப்ட் முழுவதற்குமான சராசரி வேகத்தையும் பெருக்கினால் வரும் எண், டயர் கம்பெனி கொடுத்த எண்ணைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உள்ளே சூடேறி அடுக்குகள் பிரியும். கம்பெனி எண் 38 டிகிரி வெயிலுக்கானது. அரியலூரின் மே மாதம் அதற்கு மேல் போகும், அதனால் கோடையில் நீண்ட சமதள ஓட்டத்தில் வேகத்துக்குக் கடிவாளம் போடுங்கள்.

சுற்று நேரமும் பொருத்தமும்

இப்போது கூட்டலாம். லோடோடு போக: ஃபேஸ் துண்டு 60 விநாடி, ராம்ப் 132, மேல் துண்டு 108, மொத்தம் 300. கொட்ட 75. காலியாகத் திரும்ப: 90, 92, 49, மொத்தம் 231. நிற்க 40, லோடு 180. எல்லாம் சேர்த்து 826 விநாடி, கிட்டத்தட்ட 14 நிமிடம். காத்திருப்பு இதில் சேரவில்லை.

826-ஐ 220-ஆல் வகுத்தால் 3.75. அதாவது எக்ஸ்கவேட்டர் ஓயாமல் வேலை செய்ய 3.75 வண்டி வேண்டும். மூன்று போட்டால் எக்ஸ்கவேட்டர் காத்திருக்கும், நான்கு போட்டால் வண்டி காத்திருக்கும்.

ஒரு வண்டி மணிக்கு 3,000 வகுத்தல் 826, அதாவது 3.63 டிரிப். 54 டன்னால் பெருக்கினால் 196 டன். மூன்று வண்டிக்கு 588, நமக்கு வேண்டியது 650. நான்கு வண்டிக்கு 784 என்று தாளில் வரும். ஆனால் எக்ஸ்கவேட்டர் மணிக்கு 13.6 வண்டிக்கு மேல் ஏற்ற முடியாது, அது 736 டன். அந்த 736-ம் நேரில் வராது.

வண்டிகள் ஏன் கும்பலாக வருகின்றன

தாளில் வண்டிகள் சம இடைவெளியில் ஓடுகின்றன. நிஜத்தில் ஒரு லோடு மூன்று நிமிடத்தில் ஏறும், அடுத்தது பெரிய கல் வந்து ஐந்து நிமிடம் ஆகும். முன்னால் போன வண்டி மெதுவானால் ராம்பில் யாரும் முந்த முடியாது, பின்னால் வருபவை ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டவை கிரஷரில் ஒன்றாகப் போய் நிற்கும். கிரஷர் மணிக்கு 800 டன் அரைக்கிறது என்றால், ஒரு லோடை விழுங்க அதற்கு 4 நிமிடம் வேண்டும். ஹாப்பர் நிறைந்திருந்தால் இரண்டாவது வண்டி நின்றே ஆக வேண்டும். வண்டியும் எக்ஸ்கவேட்டரும் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும் இடத்தில்தான் இந்த இழப்பு அதிகம். நான் பார்த்த அளவில் பத்துப் பதினைந்து சதவீதம் போகும். நான்கு வண்டிக்கு 650 வந்தாலே அது நல்ல ஷிஃப்ட்.

நான் முதலில் சொன்ன சுரங்கத்தில் கும்பல் சேர்ந்ததற்குக் காரணம் அதைவிட எளிமையானது. ஒன்பதே முக்காலுக்கு டீ. எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் நின்று, ஒரே நேரத்தில் கிளம்பி, எக்ஸ்கவேட்டர் முன்னால் போய் வரிசை கட்டின. அந்த வரிசை மதியம்வரை கலையவே இல்லை. கீழே வரிசை, அப்புறம் மேலே வரிசை என்று மாறி மாறி ஓடியது. டீயை இருவர் இருவராகப் பிரித்ததும் ஷிஃப்ட் மாறும்போது நான்கு நிமிட இடைவெளியில் வண்டிகளைக் கிளப்பியதும்தான் நாங்கள் செய்த மாற்றம். வாடகை டம்பரை அடுத்த மாதமே திருப்பி அனுப்பினோம்.

இரண்டு ஃபேஸ் இருந்தால்

சிமென்ட் ஆலைக்குத் தரம் ஒரே சீராக வேண்டும். அரியலூரின் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் கடலடியில் படிந்தது. உடைத்துப் பார்த்தால் கைப்பிடி அளவுச் சிப்பி ஓடுகள் கொத்துக் கொத்தாக இருக்கும். எத்தனை வருடமானாலும் ஒன்றை எடுத்துக் கையில் உருட்டிப் பார்க்காமல் என்னால் நகர முடிவதில்லை. சிப்பி நிறைந்த இடத்தில் தரம் உயர்வு, மணலும் களியும் கலந்த இடத்தில் குறைவு. அதனால் எப்போதும் இரண்டு மூன்று ஃபேஸிலிருந்து கலந்துதான் அனுப்புவோம்.

வடக்கு ஃபேஸில் கால்சியம் ஆக்சைடு 46 சதவீதம், தெற்கில் 42, ஆலை கேட்பது 44.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு டிரிப்பில் ஐந்து வடக்கு, மூன்று தெற்கு என்று கணக்கு வரும். மணிக்கு 650 டன்னில் வடக்கு 406, தெற்கு 244.

வடக்கின் சுற்று நேரம் அதே 826 விநாடி, வண்டிக்கு 196 டன். 406-க்கு 2.07 வண்டி வேண்டும். தெற்கு கிட்டே, சுற்று 660 விநாடி, வண்டிக்கு 245 டன். அங்கே ஒரு வண்டி போதும். காத்திருப்புக்காகப் பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் கூட்டினால் வடக்குக்கு 2.3, தெற்குக்கு 1.1.

இங்கேதான் பெரும்பாலானோர் வண்டியை வீணாக்குகிறார்கள். "இந்த வண்டி வடக்கு, இந்த வண்டி தெற்கு" என்று காலையில் கட்டிவிட்டால், பின்னத்தை மேல்நோக்கி முழுமையாக்கி வடக்குக்கு 3, தெற்குக்கு 2, மொத்தம் 5 வண்டி வேண்டும். கட்டாமல் பொதுவாக வைத்தால் 2.3 கூட்டல் 1.1, அதாவது 3.4. நான்கு வண்டி போதும். கிரஷரில் கொட்டிவிட்டுத் திரும்பும் வண்டிக்கு அங்கே நிற்கும் ஒருவர் "நீ தெற்கே போ" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவர் கையில் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கு இருக்க வேண்டும். எந்த ஃபேஸில் வரிசை நிற்கிறது என்றும் தெரிய வேண்டும். இதையே கம்ப்யூட்டர் செய்யும் ஏற்பாடு 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள டைரோன் செம்புச் சுரங்கத்துக்கு வந்துவிட்டது. ஐம்பது வண்டி ஓடும் இடத்துக்கு அது கட்டாயம். ஐந்தாறு வண்டிக்கு வாக்கிடாக்கியும் விவரமான ஓர் ஆளும் போதும். எக்ஸ்கவேட்டர்களுக்கு மிஞ்சும் நேரத்தை மேல்மண் எடுக்கத் திருப்பிவிடலாம், ஆனால் அதற்கான வண்டிகளை இதே முறையில் தனியாக எண்ணுங்கள்.

எத்தனை வண்டி சொந்தமாக வேண்டும்

ஓட வேண்டியது நான்கு. வொர்க்ஷாப் கணக்குப்படி ஒரு வண்டி ஓடத் தயாராக இருக்கும் நேரம் 80 சதவீதம். நாலை 0.8-ஆல் வகுத்தால் 5. "அஞ்சு வண்டி வாங்கிடலாம்" என்று முடித்துவிடுவார்கள்.

ஐந்து வண்டியில் குறைந்தது நான்கு தயாராக இருக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். 74 சதவீதம்தான் வரும். நாலு ஷிஃப்டில் ஒன்று பற்றாக்குறையில் ஓடும். சராசரி சரியாக இருக்கும், ஆனால் கிரஷர் சராசரியில் ஓடுவதில்லை. ஆறு வண்டி என்றால் 90 சதவீதம். அந்த ஆறாவது வண்டியை வாங்குவதா, அவசரத்துக்கு வாடகைக்கு எடுப்பதா, கிரஷர் பக்கத்தில் இரண்டு ஷிஃப்டுக்கான கல்லைக் குவித்து வைத்துப் பற்றாக்குறை நாளைச் சமாளிப்பதா என்பது பணக் கணக்கு. குவியல்தான் பெரும்பாலும் மலிவு என்பது என் எண்ணம். வொர்க்ஷாப் 80-ஐ 85 ஆக்க முடியுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஓசூரிலோ திருச்சியிலோ கிடைக்கும் ஒரு ஹைட்ராலிக் ஹோஸுக்காக இரண்டு நாள் வண்டி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

வண்டி வாங்குவதென்றால் நம் பக்கத்திலேயே வாய்ப்பு உண்டு. திருவள்ளூரில் கேட்டர்பில்லர், மைசூரில் பெமல் என இரண்டு ஆலைகளில் டம்பர் தயாராகிறது. விலையோடு, உதிரிபாகம் எத்தனை மணி நேரத்தில் சுரங்கத்துக்கு வரும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்த மூன்று வருடம்

இன்றைய கணக்கு இன்றைய ஆழத்துக்கு. சுரங்கம் 10 மீட்டர் பெஞ்ச் ஒன்று, அதாவது ஒரு படி, கீழே இறங்கினால் 1:16 ராம்ப் 160 மீட்டர் நீளும். ஏற 33 விநாடி, இறங்க 23, சுற்றுக்கு 56 விநாடி கூடும். மூன்று பெஞ்ச் இறங்கினால் 826 என்பது 994 ஆகும், 20 சதவீதம் கூடுதல். வண்டிக்கு 196 டன் என்பது 163 ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு ஆண்டின் முடிவில் சுரங்கம் எப்படி இருக்கும் என்ற வரைபடத்தை வைத்து, ஒவ்வொன்றுக்கும் சுற்று நேரத்தைத் தனியாகப் போட்டு ஓர் அட்டவணை தயார் செய்யுங்கள். எந்த ஆண்டில் அடுத்த வண்டி தேவை என்று அதுவே காட்டும். டம்பர் கேட்ட மறுநாள் வந்து நிற்காது.

மேல்மண்ணுக்கும் இதே அட்டவணை வேண்டும். கல் எடுத்து முடித்த பள்ளத்தில் மண்ணை நிரப்ப முடிந்தால், வண்டி லோடோடு ராம்ப் ஏறவே வேண்டாம். சுற்று நேரம் பாதியாகக்கூட இறங்கும். எந்த மூலை முதலில் காலியாகிறது என்பதை எடுக்கும் வரிசையிலேயே பார்த்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தனிக் கணக்கு போடுங்கள். அரியலூர்க் களிமண் ரோட்டில் மழை விழுந்தால் வழுக்கும், டயர் புதையும், சில நாள் வண்டியை நிறுத்தத்தான் வேண்டும். 300 வேலை நாளைப் பன்னிரண்டு மாதத்துக்கும் சமமாகப் பங்கு போடாதீர்கள். புரட்டாசிக்குள் ரோட்டுக்குக் கல் தூள் போட்டு உருட்டி, வாய்க்காலைத் தூர்வாரி, குவியலை நிறைத்து வையுங்கள். முதல் பெரிய மழை விட்ட மறுநாள் காலையில் ஸ்டாப்வாட்ச்சோடு ராம்ப் அடியில் நின்று பத்து வண்டியின் நேரத்தைக் குறியுங்கள். அந்தப் பத்து எண்கள்தான் டிசம்பர் வரைக்குமான உங்கள் சுற்று நேரம்.